இரண்டு கோயிலுக்கு ஒரு குருவானவர்



ஒரே பட்டணம். இந்தத் தெருவில் ஒரு வேதக் கோயில், அடுத்த தெருவில் இன்னொன்று. இரண்டிலும் கும்பிடுவது ஒரே இயேசுவைத்தான். ஆனால் ஆங்கிலிக்கன் கோயிலைச் சேர்ந்தவர் மெதடிஸ்ட் ஐயர் கையால் திருவிருந்து அப்பம் வாங்கக் கூடாது. ஏன் தெரியுமா? அந்த ஐயர் தலையில் பேராயர் ஒருவர் கைவைத்துப் பட்டம் கொடுக்கவில்லையாம்! நூறு வருஷத்துக்கு முன் தென்னிந்தியாவில் இருந்த நிலை இதுதான். சீமையில் மூண்ட சண்டைக்கு நம்ம ஊரில் வேலி போட்டார்கள். ஒவ்வொரு மிஷனும் ஜில்லா ஜில்லாவாகப் பங்கு போட்டுக்கொண்டது. எந்த மிஷன் முதலில் வந்ததோ அதுவே அந்த ஊர் மக்களின் சபை ஆயிற்று.

அந்த வேலியைப் பிடுங்கப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர் ஒரு தமிழர். அவர்தான் வேதநாயகம் சாமுவேல் அசரியா.

1874ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் தேதி, திருச்செந்தூர் வட்டாரத்து வெள்ளாளன்விளையில் பிறந்தார். தகப்பனார் அந்தக் கிராமத்துக் குருவானவர். மகனுக்கு 15 வயசு இருக்கும்போதே அவர் காலமாகிவிட்டார். தாயார்தான் வளர்த்து ஆளாக்கினார். பையன் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி வரைக்கும் போனார். ஆனால் கடைசிப் பரீட்சை சமயத்தில் உடம்புக்கு முடியாமல் போனதால் பட்டம் கிடைக்கவில்லை. பட்டம் இல்லாத அந்த மனிதரைத்தான் பின்னாளில் உலகம் திரும்பிப் பார்த்தது.

1895இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையில் சேர்ந்தார். 1902இல் யாழ்ப்பாணம் போன இடத்தில், அங்குள்ள தமிழ்ச் சபையார் வெள்ளைக்காரரை எதிர்பார்க்காமல் சொந்தக் காசில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். மறு வருஷமே, 1903இல், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் உருவானது. நம்ம ஆள், நம்ம பணம், நம்ம நிர்வாகம் என்பதுதான் அதன் கொள்கை. அடுத்தவரைப் போகச் சொல்லிவிட்டு அசரியா வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. 1909இல் தாமே குருப்பட்டம் வாங்கிக்கொண்டு நிஜாம் சமஸ்தானத்து டோர்னக்கல்லுக்குப் புறப்பட்டார். பாஷை தெலுங்கு. அதைப் படித்துக்கொண்டார். மாட்டு வண்டியிலும் சைக்கிளிலும் ஊர் ஊராய்ப் போனார்.

1912 டிசம்பர் 29ஆம் தேதி கல்கத்தாவில் பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. வயசு 38. கறுப்பன் கீழே வேலை செய்வதா என்று முகம் சுளித்த வெள்ளைக்காரரும் உண்டு. சாதியை நினைத்து முணுமுணுத்த நம்மவர்களும் உண்டு. அசரியா ரெண்டு பக்கத்தையும் பொறுத்துக்கொண்டார்.

டோர்னக்கல் பகுதியில் சபைக்கு வந்தவர்களில் அநேகர் மாலர், மாதிகர் என்ற இரண்டு வகுப்பார். மேல்சாதியாருக்கு இரண்டு பேருமே தீண்டத்தகாதவர்கள்தான். அப்படியிருந்தும் இவருக்கு அவர் கூட உட்கார்ந்து சாப்பிட மனம் வராது. குடியிருப்பும் வேறு வேறு. மிதிபட்டவன் தனக்குக் கீழே ஒருத்தனைத் தேடுவது நம்ம லயங்களில் நாமும் பார்த்த சங்கதிதானே?

இங்கேதான் அசரியா அசையாமல் நின்றார். ஒரே கோயில், ஒரே பந்தி, ஒரே பாத்திரம் என்றார். ஒவ்வொரு கிராமத்திலும் உபதேசியார் ஒருவர் பள்ளிக்கூடமும் ஜெபமும் நடத்துவார். பக்கத்துப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றுக்கும் சேர்த்து ஒரு குருவானவர் முறைவைத்து வருவார். அந்த ஒருவர் கையால்தான் எல்லாரும் அப்பம் வாங்க வேண்டும். இது ஒரே நாளில் நடந்துவிடவில்லை. மனஸ்தாபங்கள் இருந்தன. சாதி முழுசாய்ச் செத்துவிட்டது என்று இன்றைக்கும் சொல்ல முடியாது. ஆனால் தனித்தனிப் பந்தி போட்டுச் சமாதானம் பண்ணும் சுலபமான வழிக்கு அவர் போகவில்லை.

கிராமத்தில் செய்ததைச் சபைகளுக்குள்ளும் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 குருமார் கூடினார்கள். இருவரைத் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்களே. பிரிந்து நின்றால் நம்ம பேச்சு எடுபடாது, ஒன்றாவோம் என்று அறிக்கை விட்டார்கள். அந்தக் கூட்டத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஒருவர் அசரியா.

அறிக்கை விட இரண்டு நாள் போதுமானதாய் இருந்தது. காரியம் முடிய 28 வருஷம் பிடித்தது! சிக்கல் எல்லாம் குருவானவர் விஷயத்தில்தான். இரண்டு கோயிலும் ஒன்றானால் யார் யாருக்குக் குரு? பேராயரிடம் பட்டம் வாங்காதவருக்கு மறுபடியும் பட்டம் கொடுத்தால் இத்தனை நாள் அவர் செய்ததெல்லாம் செல்லாது என்று ஆகிவிடாதா? அது அவருக்கும் அவர் சபைக்கும் அவமானம் இல்லையா?

பேசிப் பேசி ஒரு வழி கண்டார்கள். இப்போது இருக்கிற குருமார் எல்லாரையும் இருக்கிறபடியே ஏற்றுக்கொள்வது; இனிமேல் வருகிறவர்களுக்குப் பேராயர் கையால் பட்டம்; எந்தச் சபை மேலும் அதன் மனச்சாட்சிக்கு ஒவ்வாத குருவானவரைத் திணிக்காமல் இருப்பது. ஆக யாரும் தோற்கவில்லை, யாரையும் தலைகுனிய வைக்கவும் இல்லை.

இதற்கிடையில் டோர்னக்கல்லில் அவர் கட்டிய பேராலயம் 25 வருஷம் வளர்ந்து 1939இல் பிரதிஷ்டை ஆனது. இந்துக் கோயில் பாணித் தூண்களும், முஸ்லிம் பாணிக் கும்மட்டங்களும் ஒரே கட்டடத்தில் நிற்கும்.

1945 ஜனவரி முதல் தேதி டோர்னக்கல்லில் அசரியா கண்மூடினார். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், தென்னிந்திய ஐக்கிய சபை மூன்றும் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. சுமார் பத்து லட்சம் பேர் ஒரு குடும்பம் ஆனார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை.

தோழர்களே, ஒன்றுசேர வேண்டும் என்று மேடையில் சொல்லாதவர் யார்? பக்கத்துக்காரனுடைய குருவை நம்ம குருவாக ஏற்று, அவர் கையால் வாங்கிச் சாப்பிடுகிற நேரத்தில்தான் மனசு தயங்கும். அந்தத் தயக்கத்தோடு ஆயுசு பூராவும் போராடினார் அசரியா. நம்ம வாசலில் நிற்கும் வேலி எது என்று ஞாயிற்றுக்கிழமை ஓய்வாய் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.