பரிசுப் பணத்தில் எழுந்த அருங்காட்சியகம்

1904-ஆம் ஆண்டுக்குரிய இலக்கிய நோபல் பரிசு இருவருக்குப் பகிர்ந்தளிக்கப் பெற்றது. ஒருவர் இசுபானிய நாடக ஆசிரியர் ஓசே எச்செகராய். மற்றவர் தென் பிரான்சில் மாயான் என்னும் சிற்றூரில் வாழ்ந்த, எழுபத்து நான்கு வயது நிரம்பிய கவிஞர் பிரெடெரிக் மிஸ்திரால். அவர் பாடியது பிரெஞ்சு மொழியில் அன்று. பாரிசு நகரத்தார் கொச்சை என்று ஒதுக்கிய, பள்ளிக்கூடத்தில் பேசினால் தண்டனை கிடைத்த புரோவான்சால் மொழியில். பரிசுப் பணம் கைக்கு வந்ததும் அவர் தம் நூல்களுக்குப் புதிய பதிப்பு எதுவும் போட்டுக் கொள்ளவில்லை. பக்கத்து நகரமாகிய ஆர்லில் தாம் முன்பே தொடங்கியிருந்த வட்டார அருங்காட்சியகத்துக்கு ஒரு பெரிய மாளிகையை அமைத்துக் கொடுப்பதில் அதைச் செலவிட்டார். கலப்பையையும் தொட்டிலையும் தலைநாடாவையும் வைப்பதற்காக ஒரு கவிஞர் இப்படிச் செய்வானேன் என்று அன்றே சிலர் வியந்தனர்.

மிஸ்திரால் 1830 செப்டம்பர் 8-ஆம் நாள் மாயானை அடுத்த ஒரு பண்ணை வீட்டில் பிறந்தார். ரோன் ஆற்றின் கீழைச் சமவெளியில் வடக்கிலிருந்து வீசும் கடுங்காற்றுக்கும் மிஸ்திரால் என்றே பெயர். தந்தை பிரான்சுவா வசதி படைத்த உழவர். மனைவியை இழந்து, முதுமையை நெருங்கும் வயதில் மறுமணம் செய்து கொண்டவர். அறுவடைக்குப் பின் தம் வயலில் கதிர் பொறுக்க வந்த பெண்களிடையே ஊர்த்தலைவரின் மகள் அதெலாயிதைக் கண்டு மணந்தார் என்று மகன் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். விவிலியத்து ரூத்தின் கதையை நினைவூட்டும் செய்தி இது. தந்தை தம் வாழ்நாளில் படித்தவை மூன்றே நூல்கள் என்பர்: புதிய ஏற்பாடு, கிறித்துவைப் பின்பற்றுதல் பற்றிய பக்தி நூல், தோன் கிகோத்தே. தாயோ நூல் நூற்றுக்கொண்டே பாடியவர், கதை சொன்னவர். வீட்டில் வழங்கிய மொழி புரோவான்சால் ஒன்றே.

ஊர்ப் பள்ளிக்கு மட்டம் போட்டு வயல்வெளியில் திரிந்த சிறுவனை ஏறத்தாழ ஒன்பது வயதில் பிரிகோலே மடத்து விடுதிப் பள்ளிக்கும், பின்னர் அவிஞ்ஞோன் நகருக்கும் அனுப்பினர். நகரத்துப் பிள்ளைகள் அவன் பேச்சைக் கேட்டு நகைத்தனர். தாய்மொழி நகைப்புக்குரிய பொருளாகும் என்பதை அவன் அறிந்தது அங்கேதான். 1845-இல் அந்தப் பள்ளிக்கு ரூமானீய் என்னும் இளம் ஆசிரியர் வந்து சேர்ந்தார். தோட்டக்காரரின் மகனாகிய ரூமானீய் முன்பு பிரெஞ்சில் கவிதை எழுதியவர். அவற்றைத் தம் தாயிடம் படித்துக் காட்டியபோது அவளுக்கு ஒரு சொல்லும் விளங்காமற் போகவே, அன்றுமுதல் அவளுக்கு விளங்கும் மொழியில் எழுதத் தொடங்கினார் என்பது புரோவான்சு நாட்டார் அனைவரும் அறிந்த வரலாறு. மாணவனும் ஆசிரியரும் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். இருவரிடையே இருந்த வயது வேறுபாடு பன்னிரண்டு ஆண்டுகள். நட்பு ரூமானீய் 1891-இல் மறையும் வரை நீடித்தது.

எக்ஸ் நகரில் சட்டம் பயின்று 1851-இல் பட்டம் பெற்றுத் திரும்பிய மகனிடம், இனி வேண்டிய வழியைத் தேர்ந்துகொள்ளுமாறு தந்தை விட்டுவிட்டார். வழக்கறிஞர் அங்கியை மகன் அணியவே இல்லை. பண்ணையில் தங்கி, உழவரோடும் அறுவடை ஆட்களோடும் பழகிப் பாடலானார்.

1854 மே 21-ஆம் நாள் ஃபோன் செகூஞ் என்னும் சிறு மாளிகையில் எழுவர் கூடினர். மிஸ்திரால், ரூமானீய், ஓபனேல், மத்தியூ, புருனே, ழியேரா, தவான் என்போர் அவர்கள். ஓபனேல் அச்சகக் குடும்பத்தவர், தவான் உழவர், மாளிகையில் விருந்து படைத்தவர் ழியேரா. உண்டும் பாடியும் மகிழ்ந்த அந்தக் கூட்டம், தம் மொழியை மீண்டும் இலக்கிய மொழியாக்குவது என்று முடிவு செய்து எழுந்தது. தமக்கு ஒரு பெயர் வேண்டுமென்றபோது, மாயானில் முதியோர் ஓதிவந்த ஒரு பழைய பக்திப் பாட்டில் தாம் கேட்ட 'ஃபெலிபிரே' என்னும் சொல்லை மிஸ்திரால் முன்வைத்தார். அதன் பொருள் என்னவென்று அறிஞர்கள் பின்னாளில் பல விதமாக விளக்கினர். பொருள் தெளிவாகாத சொல்லாக இருந்ததே அன்றைக்கு வசதியாயிற்று எனலாம். தாம் விரும்பிய பொருளை அதில் அவர்கள் நிரப்பிக்கொண்டனர். இயக்கத்துக்கு ஃபெலிப்ரீஜ் என்று பெயர் நிலைத்தது. ஏழு முனை விண்மீன் அதன் சின்னமாயிற்று.

இலக்கிய வட்டங்கள் தோன்றுவது அரிதன்று, நிலைப்பதுதான் அரிது. இவர்கள் முதலில் செய்தது அறிக்கை விடுத்தது அன்று, பஞ்சாங்கம் போட்டது. 1855-ஆம் ஆண்டுக்கென வெளியான அந்தச் சிறு நூலில் நாட்காட்டியும் சந்தை நாட்களும் இருந்தன. நகைச்சுவைத் துணுக்கும் நாட்டுப்புறக் கதையும் கவிதையும் அவற்றோடு கலந்து வந்தன. கவிதை நூல் நுழையாத உழவர் வீட்டுக்குள் பஞ்சாங்கம் நுழைந்தது. அது பல பத்தாண்டுகள் தொடர்ந்து வெளிவந்தது. எழுத்துமுறை பற்றிய பூசலும் தொடக்கத்திலேயே எழுந்தது. ஒலிக்காத பழைய இறுதி மெய்களை எழுத்தில் காக்க வேண்டுமா, பேசுகிறபடியே எழுதலாமா என்பது வினா. மிஸ்திரால் முன்னதன் பக்கம் சாய்ந்திருந்தும், ரூமானீய் வலியுறுத்தியபடி பேச்சொலி வழிக்கு இசைந்தார். மக்களுக்கு எளிதாயிருந்த அவ்வழியைத் தென்னகத்தின் ஏனைய வட்டாரத்தார் எல்லோரும் ஏற்கவில்லை. அந்த வழக்கு இன்றளவும் ஓய்ந்தபாடில்லை.

1859-இல் 'மிரேயோ' வெளிவந்தது. எட்டாண்டுகள் உழைத்து எழுதிய, பன்னிரண்டு காண்டம் கொண்ட காவியம் அது. செல்வ உழவரின் மகள் மிரேயோ, கூடை பின்னும் ஏழை இளைஞன் வின்சேனை விரும்புகிறாள். பெற்றோர் மறுக்கவே, கடற்கரையிலுள்ள புனித மரியாக்களின் கோயிலில் முறையிடத் தனியே புறப்பட்டு, கூழாங்கல் பரந்த க்ரோ வெளியைக் கோடை வெயிலில் கடந்து, வெயில் தாக்கி அக்கோயிலில் உயிர் விடுகிறாள். கதை இவ்வளவே. ஆனால் அந்தக் கதையினூடே பட்டுப்புழுவுக்கு முசுக்கொட்டை இலை பறிப்பதும் கூடு சேர்ப்பதும் வருகின்றன. அவளைப் பெண் கேட்டு வரும் மூவர் வழியாக ஆட்டு மந்தையும் குதிரைக் கூட்டமும் காமார்க் சதுப்பு நிலத்து முரட்டுக் காளைகளும் அணிவகுக்கின்றன. பின்னாளில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்த பொருள்களில் பல இக்காவியத்தில் முன்பே புழங்கியவை. கவிஞர் லமார்த்தீன் இந்நூலைத் தம் இலக்கியத் தொடரில் நீண்ட கட்டுரையால் போற்றினார். பாரிசு நிமிர்ந்து பார்த்தது. 1864-இல் குனோ இதனை இசை நாடகமாக்கினார். புகழ் பெற்றபின் தலைநகரில் குடியேறுவது அக்காலத்து வழக்கம். மிஸ்திரால் மாயானுக்கே திரும்பினார். கடைசி வரை அங்கேயே வாழ்ந்தார்.

பிறகு வந்த காவியங்களை இங்கு விரிக்க வேண்டியதில்லை. 1897-இல் வந்த 'ரோன் ஆற்றுக் காவியம்' மட்டும் தனியே குறிப்பிடத் தக்கது. நீராவிக் கப்பல் வந்ததனால் அழிந்துபோன பழைய படகோட்டிகளின் வாழ்வைப் பாடிய அது, எதுகை நீங்கிய யாப்பில் அமைந்தது. 'மிரேயோ'வைவிட ஆழ்ந்த படைப்பு என்று கொள்வாரும் உளர்.

அவருடைய வாழ்நாளில் பெரும்பகுதியை விழுங்கியது அகராதிப் பணி. தென் பிரான்சு முழுவதிலும் வழங்கிய ஓக் மொழியின் கிளைவழக்குகள் அனைத்தையும் அவர் ஓரிடத்தில் தொகுக்க முனைந்தார். மேய்ப்பரிடமும் மீனவரிடமும் மாலுமிகளிடமும் கேட்டுச் சொல் சேர்த்தார். செடி, மீன், காற்று, கருவி, விளையாட்டு, பழமொழி, விடுகதை என்று ஒவ்வொரு சொல்லின் பின்னும் ஒரு வாழ்க்கை தொடர்ந்து வந்தது. 'ஃபெலிப்ரீஜின் கருவூலம்' என்னும் பெயரில் சிறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கி 1886-இல் நிறைவுற்ற இவ்வகராதி இரண்டு பெருந்தொகுதிகளில் 2,000 பக்கங்களுக்கு மேல் விரிகிறது. ஒரு கழகம் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்தார்.

அதே ஆண்டுகளில்தான் பிரெஞ்சுக் கல்விச் சட்டங்களும் வந்தன. 1882-இல் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. அது நன்மைதான், ஆயினும் அக்கல்வியின் மொழி பிரெஞ்சு ஒன்றே. தாய்மொழி பேசிய மாணவனின் கையில் ஓர் அடையாளப் பொருளைக் கொடுத்து, அடுத்துப் பேசிப் பிடிபடும் மாணவனுக்கு அதைக் கைமாற்றச் செய்து, மாலையில் யாரிடம் இருக்கிறதோ அவனைத் தண்டிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருந்தது. பிள்ளைகளே பிள்ளைகளை ஒற்றுப் பார்த்தனர். வட்டார மொழி வழியாகவும் கற்பிக்க இடம் தருமாறு மிஸ்திரால் வேண்டியது அரசின் செவியில் ஏறவில்லை. அகராதி நிறைவுற்ற தலைமுறையிலேயே அதைப் புரட்ட வேண்டிய பிள்ளைகள் வேறு மொழிக்குப் போய்க்கொண்டிருந்தனர். வட்டத்துக்குள்ளும் விரிசல் கண்டது. காதற்பாக்களுக்காகச் சமயப் பற்றாளரின் கண்டனத்துக்கு ஆளாகி, ரூமானீயோடு பிணங்கிய நிலையில் ஓபனேல் 1886-இல் மறைந்தார்.

இந்தப் பின்னணியில்தான் அருங்காட்சியகம் தோன்றியது. ஆர்ல் நகரப் பெண்கள் தங்கள் மரபுடையைக் கைவிட்டு வருவதையும், பழம்பொருள் வாணிகர் சிற்றூர்களின் மரப் பெட்டிகளையும் பாண்டங்களையும் வாங்கிக்கொண்டு போவதையும் அவர் கண்டார். 1896 முதல், மருத்துவர் எமீல் மரிஞ்ஞான் என்பாரின் துணையோடு பொருள் சேர்க்கத் தொடங்கினார். தாம் 1891-இல் நிறுவிய 'ஆயோலி' இதழில் வேண்டுகோள் விடுத்தார். விலை உயர்ந்த பொருளை அவர் கேட்கவில்லை. வீட்டில் புழங்கிய பொருளைக் கேட்டார். செதுக்கு வேலை செய்த ரொட்டிப் பெட்டி, மாவு பிசையும் தொட்டி, இராட்டை, குதிரைச் சேணம், காளை மேய்ப்பரின் முத்தலைக் கோல், பிள்ளைக்குக் கட்டிய தாயத்து, கிறித்துமசுக் குடிலின் மண் பொம்மை என்று வந்து குவிந்தன. ஒரு கையால் ஊதும் முத்துளைக் குழலும் மறு கையால் கொட்டும் நீண்ட முரசும் வந்தன. ஒரே கலைஞர் இரண்டையும் ஒருங்கே இசைப்பது அந்நாட்டு மரபு. ஃபெலிப்ரீஜ் கவிஞர்களின் நினைவுப் பொருள்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. குழலிசைப்பவரையும் மரம் செதுக்கிய தச்சரையும் கவிஞரையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது இதன் தனிச்சிறப்பு.

1899 மே 21-ஆம் நாள், எழுவர் கூடிய அதே நாளில், 'மூசியோன் ஆர்லாத்தேன்' ஆர்லில் திறக்கப்பட்டது. கிறித்துமசு இரவு விருந்தையும், பிள்ளை பெற்றவளைக் காண அண்டை வீட்டுப் பெண்கள் வருவதையும் ஆளளவுப் பதுமைகளால் அமைத்த இரு காட்சிகளை மக்கள் திரண்டு பார்த்தனர். விவரச் சீட்டுகளை மிஸ்திரால் தம் கையாலேயே எழுதினார். அகராதியில் சொல்லுக்குப் பொருள் எழுதிய கை, இங்கே பொருளுக்குச் சொல் எழுதியது. கருவி மறைந்தால் அதன் பெயரும் மறையும் என்பதை அகராதிக்காரரைவிட நன்கு அறிந்தவர் யார்? இந்த நோக்கில் காணும்போது, அருங்காட்சியகம் அவருடைய அகராதியின் மூன்றாம் தொகுதி எனத் தகும். 1903-இல் மரபுடை அணியும் இளம்பெண்களுக்கென ஒரு விழாவையும் ஆர்லில் ஏற்படுத்தினார்.

இதற்கு எதிரான வாதம் ஒன்று உண்டு. அதை எளிதில் தள்ளிவிட இயலாது. 1907-இல் தென்னகத்துத் திராட்சை உழவர்கள் விலை வீழ்ச்சியால் நொந்து கிளர்ந்தெழுந்தனர். மோன்பெலியே நகரில் இலட்சக்கணக்கானோர் கூடினர். ஃபெலிப்ரீஜின் அன்றைய தலைவர் தெவோலுய் போன்றோர், மிஸ்திரால் வந்து அவர்கள் முன் நிற்க வேண்டுமென மன்றாடினர். எழுபத்தாறு வயதுக் கவிஞர் ஆதரவு தெரிவித்ததோடு நின்றார், போகவில்லை. மொழியைப் பேசும் மக்கள் தெருவில் நின்றபோது, அவர்களுடைய பழம்பொருள்களுக்குக் கண்ணாடிப் பேழை செய்துகொண்டிருந்தார் என்று குறை கூறினர். அரசியல் அவருக்குரிய களமன்று என்று அன்பர்கள் விடை கூறினர். அந்த விடை முழுமையாக நிறைவளிப்பதன்று. பள்ளியையும் ஆட்சியையும் தொடாத மொழிப்பற்றுக்கு எல்லை உண்டு என்பதை அடுத்த அரை நூற்றாண்டு காட்டிற்று. பிரான்சின் பள்ளிகளில் வட்டார மொழிகளுக்குச் சிறிதளவு இடம் கிடைத்தது 1951-இல்தான்.

நோபல் பரிசுப் பணத்தின் உதவியால் லவால் மாளிகை என்னும் பழம்பெரும் கட்டடத்துக்கு மாறிய அருங்காட்சியகம் 1909-இல் அங்கே திறக்கப்பட்டது. 'மிரேயோ' வெளியாகி அப்போது ஐம்பது ஆண்டுகள் நிறைந்திருந்தன. அவ்விழாவில் நகரச் சதுக்கத்தில் அவருக்குச் சிலையும் எடுத்தனர். தம் சிலை திறக்கப்படுவதைத் தாமே நின்று பார்க்கும் பேறு, அல்லது சங்கடம், அவருக்கு வாய்த்தது.

1914 மார்ச்சு 25-ஆம் நாள் மாயானில் மிஸ்திரால் மறைந்தார். தம் கல்லறையைத் தாமே முன்கூட்டிக் கட்டி வைத்திருந்தார். அதில் தம் பெயரைப் பொறிக்கவில்லை. 1876-இல் அவரை மணந்த மனைவி மாரி, 1943-இல் மறையும் வரை அவ்வீட்டிலேயே வாழ்ந்தார். அவ்வீடும் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. சிலி நாட்டுக் கவிஞர் கபிரியேலா தம் புனைபெயரில் 'மிஸ்திரால்' என்பதைச் சேர்த்துக்கொண்டது இவர்மீது கொண்ட மதிப்பினால் என்பர்; அந்தப் பெயருக்கு 1945-இல் மற்றொரு நோபல் பரிசும் வந்தது.

ஆர்ல் அருங்காட்சியகம் சீரமைப்புக்காக 2009-இல் மூடப்பட்டு 2021-இல் மீண்டும் திறக்கப்பட்டது. அழியும் நிலையிலுள்ள மொழிகளின் பட்டியலில் யுனெசுகோ புரோவான்சாலையும் சேர்த்துள்ளது. மிஸ்திரால் எழுதிய விவரச் சீட்டுகள் ஆர்லில் காக்கப்பட்டு வருகின்றன. ஏனைய பொருள்களைப் போலவே அவையும் இப்போது காட்சிப் பொருள்கள். அவற்றிலுள்ள சொற்களுக்குப் பொருள் தேடுவோர் புரட்டுவது இன்றும் அவருடைய அகராதியைத்தான்.