வாள் வீச்சைப் படம் பிடித்த மாயா

மாயா டெரன் என்ற பெயரைக் கேட்டால், நம் நாட்டுப் பெண்ணோ என்று தோன்றும். ஆனால் அவர் 1917-ம் ஆண்டு, உக்ரைன் நாட்டுக் கீவ் நகரில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் எலியனோரா.

அவருக்கு 5 வயதானபோது குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. அங்கே ஆங்கில இலக்கியம் படித்து, எம்.ஏ. பட்டம் பெற்றார். பிறகு காதரின் டன்ஹாம் என்ற புகழ் பெற்ற நடன மாதிடம் காரியதரிசியாக வேலை பார்த்தார்.

அலெக்சாந்தர் ஹமித் என்ற படப்பிடிப்பாளரை மணந்து கொண்டார். "மாயா" என்ற பெயரைச் சூட்டியவர் அவர்தான்.

பழைய காமிரா

1943-ல் தந்தை காலமானார். அவர் விட்டுச் சென்ற பணத்தில், மாயா ஒரு பழைய காமிரா வாங்கினார். அது கடிகாரம் போல் சாவி கொடுத்து ஓட்டும் காமிரா. ஒரு முறை சாவி கொடுத்தால் அரை நிமிடம்கூட ஓடாது!

கணவருடன் சேர்ந்து, வீட்டிலேயே ஒரு படம் எடுத்தார். ஓடும் நேரம் 14 நிமிடம். மாயாவே அதில் நடித்தார். 1947-ல் கான் திரைப்பட விழாவில் அந்தப் படம் பரிசு பெற்றது.

1945-ல் ஒரு நடனப் படம் எடுத்தார். அதில் நடனக்காரர் காட்டில் காலைத் தூக்குகிறார். அந்தக் கால் ஊன்றுவதோ, ஒரு வீட்டு அறைக்குள்! மேடையில் முடியாததைக் காமிரா செய்து காட்டியது.

இத்தகைய படங்களை வாங்கித் திரையிட யார் வருவார்கள்? மாயா தயங்கவில்லை. 1946-ல் நியூயார்க்கில் ஒரு சிறு நாடகக் கொட்டகையை வாடகைக்குப் பிடித்து, தாமே காட்டினார். கூட்டம் திரண்டது.

சீனத்துச் சண்டைக் கலை

1948-ல், சாவ் லி சி என்ற சீன இளைஞரைக் கொண்டு 12 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். சண்டைக் கலையைப் பற்றிய அந்தப் படத்தில் எதிரியே கிடையாது! இளைஞர் ஒருவரே தனியாகப் பயிற்சி செய்கிறார்.

முதலில் வூடாங் முறை. மூச்சு விடுவது போல, கைகள் மெல்ல வளைந்து செல்கின்றன. பிறகு ஷாவோலின் முறை. அடியில் வேகமும் கடுமையும் ஏறுகின்றன. கடைசியில் வெட்டவெளியில் வாள் சுழல்கிறது. இளைஞர் துள்ளி எழுகிறார். அந்தரத்தில் அப்படியே நிற்கிறார்!

அதன் பிறகுதான் அதிசயம். படத்தை மாயா பின்னோக்கி ஓட விட்டார். பார்ப்பவர்களுக்கு அது எளிதில் தெரிவதில்லை. பலத்தை வீசுவதும் அதைத் திரும்ப அடக்குவதும் ஒரே வித்தை என்பதை, ஒரு வார்த்தை பேசாமல் காட்டி விட்டார். சீனப் புல்லாங்குழலும் ஹெய்ட்டி நாட்டு முரசுமே பின்னணி இசை.

முடியாத படம்

ஹெய்ட்டித் தீவின் வழிபாட்டு நடனங்களை 1947 முதல் பல முறை சென்று படம் பிடித்தார். 1953-ல் அதைப் பற்றிப் புத்தகம் வெளியிட்டார். ஆனால் அந்தப் படத்தை முடிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவர் மறைந்த பிறகு, மற்றவர்கள்தான் அதைத் தொகுத்து வெளியிட்டார்கள்.

1961-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி, மூளையில் இரத்தம் கசிந்து மாயா மரணம் அடைந்தார். அப்போது அவருக்கு வயது 44.

பெரிய ஸ்டூடியோ இல்லை, பண முதலாளி இல்லை. இருந்ததெல்லாம் ஒரு பழைய காமிரா. அதில் பிடித்த படங்களை, சினிமாக் கலை பயில்கிறவர்கள் இன்றும் பாடமாகப் பார்க்கிறார்கள்.