ஈரோட்டில் பிறந்த ராமானுஜன்: பின்னத்துக்குள் பின்னம் வைத்தது எப்படி?
சரவணம்பட்டியில் அரை, கால் என்று பின்னம் படிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல நம்ம ஊர்ப்பக்கமே ஒருத்தர் இருக்கார். 1887 டிசம்பர் 22-ல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். வளர்ந்தது கும்பகோணத்தில்.

எந்த எண்ணையும் அதே எண்ணால் வகுத்தால் 1 என்றாராம் ஆசிரியர். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தாலுமா என்று கேட்டானாம் சிறுவன். நியாயமான கேள்விதானுங்க! பழமும் இல்லை, ஆளும் இல்லை, பங்கு எவ்வளவு?

கணக்கே கதி என்று கிடந்ததில் கல்லூரி உதவித்தொகை போச்சு. 1912-ல் சென்னை துறைமுகத்தில் குமாஸ்தா, மாதம் 30 ரூபாய். அடுத்த ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு அனுப்பிய கடிதத்தில் தொடர் பின்னங்கள் இருந்தன.

அதென்ன? 1-உடன் 1/2 கூட்டினால் 3/2. கீழே இருக்கும் 2-ஐ இரண்டரை ஆக்கினால் 7/5. இப்படிப் பின்னத்துக்குள் பின்னம் வைத்துக்கொண்டே போனால், 2-இன் வர்க்கமூலத்தை நெருங்கலாம். அவர் எழுதியவை இதைவிட ரொம்பச் சிக்கலானவை, ஹார்டியே திணறிவிட்டார்.

1914-ல் இங்கிலாந்து போனவர், 1919-ல் நோயோடு திரும்பினார். மறு வருஷம் 32 வயதில் இறக்கும்வரை கணக்கு எழுதுவதை நிறுத்தவில்லை.