நடராஜருக்குக் கோஷ்டம் தந்த சோழமாதேவி

சிவாலயத்தில் வலம் வரும்போது, தட்சிணாமூர்த்திக்குச் சற்று முன்பாக, தெற்குச் சுவர் கோஷ்டத்தில் நடராஜர் ஆடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த இடத்தில் அவரைக் கல்லில் வடித்து வைப்பதைச் சோழநாட்டில் வழக்கமாக்கிய பெருமை ஒரு பெண்மணியைச் சேரும். அவர்தான் செம்பியன் மாதேவி!

கண்டராதித்த சோழரின் தேவி இவர். தில்லைக் கூத்தன்மீது திருவிசைப்பா பாடிய பக்தர் அந்த மன்னர். சுமார் 957-ல் அவர் மறைந்தபோது மகன் உத்தமசோழர் சிறு பிள்ளை. அரியணையோ கொழுந்தனார் அரிஞ்சயரின் வழிக்குப் போனது. மாதேவி மனம் தளரவில்லை. அதன்பின் 40 ஆண்டுகளுக்கும் மேலாகச் சிவத்தொண்டே அவரது வாழ்க்கையாயிற்று.

செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக்கினார். திருக்கோடிக்காவில் பழைய கல்வெட்டுகளைப் படியெடுத்து, புதிய சுவரில் மீண்டும் பொறிக்கச் செய்தார். முன்னோர் செய்த தர்மம் அழியக்கூடாதே!

கோனேரிராஜபுரம் என்கிற திருநல்லத்தில், கணவர் பெயரால் கற்றளி எழுப்பினார். அவர் சிவலிங்கத்தைப் பூஜிக்கும் காட்சியையும் அங்கே சிற்பமாக்கினார். கணவர் பாடிப் பரவிய கூத்தனும் கோஷ்டத்தில் எழுந்தருளினான்.

அந்தத் திருவடிவைச் சற்று நின்று பாருங்கள். உடுக்கை படைத்தல், அபயக்கரம் காத்தல், தீச்சுடர் அழித்தல், முயலகன்மேல் ஊன்றிய பாதம் மறைத்தல், தூக்கிய திருவடி அருளல். ஐந்தொழிலும் ஒரே உருவில்!

அடுத்தமுறை வலம் வரும்போது, கூத்தனைக் கும்பிட்ட கையோடு அந்த அம்மையாரையும் ஒரு நொடி நினைத்துக்கொள்ளுங்கள்.