வகுப்பறையை வானத்தின் கீழ் அமைத்த மரியா மிட்செல்

வானியல் வரலாற்றை எழுதுவோர் புதிய கிரகத்தையோ புதிய விதியையோ கண்டுபிடித்தவர்களுக்கே பக்கங்களை ஒதுக்குவது வழக்கம். அந்த விண்ணுலகைப் பிறருக்குக் காட்டிக்கொடுப்பதிலேயே ஆயுளைச் செலவிட்டவர்களுக்கு அடிக்குறிப்பில்தான் இடம் கிடைக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் வாழ்ந்த மரியா மிட்செல் அம்மையார் இவ்விரு வகையிலும் அடங்குபவர். எனினும் அவரை இரண்டாவது வகையில் வைத்து நினைவுகூருவதே பொருத்தமெனக் கருதுகின்றோம்.

மசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் அத்திலாந்திக் சமுத்திரத்தில் அமைந்துள்ள நன்டக்கெட் தீவில் 1818 ஆகஸ்ட் 1ஆம் திகதி அவர் பிறந்தார். திமிங்கில வேட்டைக்குப் பேர்போன தீவு அது. வருடக்கணக்கில் கடலில் திரியும் கப்பல்களுக்கு நட்சத்திரங்களும் துல்லியமான கடிகாரமுமே வழிகாட்டிகள். மரியாவின் தந்தை வில்லியம் மிட்செல், கப்பல் கடிகாரங்களை வானத்து நட்சத்திரங்களைக் கொண்டு சரிபார்த்துக் கொடுப்பவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். ஆண் பெண் பேதமின்றிப் பிள்ளைகளுக்குக் கல்வி புகட்ட வேண்டும் என்ற கொள்கையுடைய குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் அது. 1831 பெப்ரவரியில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போது, தமது வீட்டின் நெட்டாங்கைக் கணிப்பதற்காகத் தந்தை தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருக்க, பன்னிரண்டு வயதுச் சிறுமியான மரியா அருகே நின்று வினாடிகளை எண்ணிக்கொடுத்தார்.

பதினேழாவது வயதில் அவர் சொந்தமாக ஒரு பாடசாலையை ஆரம்பித்தார். தீவின் பொதுப் பாடசாலைகள் வெள்ளையர் அல்லாத பிள்ளைகளை வேறாக்கி வைத்திருந்த காலம் அது. மரியாவோ அப்பிள்ளைகளுக்கும் தமது பாடசாலைக் கதவைத் திறந்துவிட்டார். பிற்காலத்தில், அடிமைகளின் உழைப்பால் விளைந்த தென்மாநிலப் பருத்தியை உடுத்துவதில்லை என்று உறுதிபூண்டு பட்டாடையே அணிந்தார். அடுத்த ஆண்டிலேயே பாடசாலையை விட்டு, நன்டக்கெட் அதீனியம் நூலகத்தின் நூலகரானார். அங்கு அவர் கடமையாற்றிய இருபது ஆண்டுகளே அவருடைய பல்கலைக்கழகம் எனலாம். பட்டம் எதுவும் பெறாத அப்பெண்மணி, வாசகர் குறைந்த வேளைகளில் உயர் கணிதத்தையும் வானியலையும் தாமாகவே கற்றார்.

1847 ஒக்டோபர் 1ஆம் திகதி இரவு, தந்தை பணிபுரிந்த வங்கிக் கட்டடத்தின் கூரையிலிருந்து சிறியதொரு தொலைநோக்கி வழியே பார்த்துக்கொண்டிருந்தபோது, முன்னர் இல்லாத ஒரு மங்கலான புள்ளியை அவர் கண்டார். அது ஒரு புதிய வால்வெள்ளி. தொலைநோக்கியால் மட்டுமே காணக்கூடிய வால்வெள்ளியை முதலில் காண்பவருக்கு டென்மார்க் அரசர் தங்கப் பதக்கம் அறிவித்திருந்தார். இரு தினங்களின் பின் உரோமில் அதே வால்வெள்ளியைக் கண்ட டி விக்கோ என்ற குருவானவரின் அறிவிப்பே ஐரோப்பாவை முதலில் எட்டியது. உறுதிப்படுத்தாமல் வெளியில் சொல்வதற்கு மரியா தயங்கியதும், தீவிலிருந்து கடிதம் புறப்படத் தாமதமானதும் இதற்குக் காரணங்களாகும். ஹார்வார்ட் பல்கலைக்கழகத் தலைவர் எட்வர்ட் எவரெட் டென்மார்க் அரசாங்கத்திடம் வழக்காடி, பதக்கம் உரியவரிடம் சேர வழிசெய்தார். 1848இல் அமெரிக்கக் கலை மற்றும் அறிவியல் கழகம் அவரை அங்கத்தவராக ஏற்றது. அப்பெருமையைப் பெற்ற முதற் பெண் அவரே. அடுத்த பெண்ணுக்கு அக்கழகத்தின் கதவு திறக்க 1943 வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதை அறியும்போது அதைக் கழகத்தின் தாராளம் என்று சொல்ல மனம் வரவில்லை.

1849 முதல் கடற்பயணப் பஞ்சாங்கத்துக்காக வெள்ளிக் கிரகத்தின் நிலைகளைக் கணித்துக் கொடுக்கும் பணியையும் அவர் ஏற்றார். அதன் பின்னரான ஐரோப்பியப் பயணத்தில் ஒரு சம்பவம் குறிப்பிடத்தக்கது. உரோமில் இயேசு சபையினரின் வானாய்வகத்தைப் பார்வையிட அவர் விரும்பினார். டி விக்கோ முன்னர் பணிப்பாளராக இருந்த அதே வானாய்வகம்தான். பெண்களுக்கு அங்கு அனுமதியில்லை. மிகுந்த பிரயத்தனத்தின் பின் விசேட அனுமதி கிடைத்தது; ஆனால் இருள் சூழுமுன் வெளியேறிவிட வேண்டுமென்பது நிபந்தனை. வானியலாளர் ஒருவரை நட்சத்திரங்கள் தோன்றுமுன் வெளியே அனுப்பிவைத்த விந்தை அது.

1865இல் நியூயோர்க் மாநிலத்தின் பொக்கீப்சி நகரில், மதுபான உற்பத்தியாளரான மத்தியூ வஸ்ஸர் பெண்களுக்கென நிறுவிய கல்லூரி திறக்கப்பட்டது. அதன் வானியல் பேராசிரியராக மரியா நியமிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 47. பன்னிரண்டு அங்குல விட்டமுடைய தொலைநோக்கி அங்கு நிறுவப்பட்டிருந்தது. அந்நாட்டின் பெரிய தொலைநோக்கிகளுள் அதுவும் ஒன்று. மனைவியை இழந்த முதிய தந்தையுடன் வானாய்வகக் கட்டடத்திலேயே அவர் குடியிருந்தார்.

அவருடைய கற்பித்தல் முறை அக்காலத்துக்குப் புதிது. மாணவியருக்குப் புள்ளியிட்டுத் தரம் பிரிப்பதை அவர் வெறுத்தார். வரவு பதிவதிலும் அவருக்கு அக்கறை இருக்கவில்லை. பாடநூலை ஒப்புவிப்பதற்குப் பதிலாக, வியாழனின் சந்திரன்களையும் சனியின் வளையங்களையும் தாமே பார்த்துக் குறித்து, தாமே கணித்து வருமாறு மாணவியரைப் பணித்தார். சூரியனின் கரும்புள்ளிகளைக் கண்ணாடித் தகடுகளில் படம்பிடிக்கவும் அவர்கள் பழகினர். இரவில் இளம் பெண்கள் விடுதிக்கு வெளியே நிற்பதே முகம் சுளிக்க வைத்த அந்நாளில், நடுநிசியிலும் அவர்களைத் தொலைநோக்கியின் முன் நிறுத்தியவர் அவர். பரீட்சைப் புள்ளிகளையே உயிராக மதிக்கும் எம்போன்ற சமூகத்துக்கு இம்முறை இன்றும் விசித்திரமாகவே தோன்றக்கூடும்.

ஆனால் கல்லூரியின் நடைமுறை அதன் இலட்சியத்துக்கு ஈடாகவில்லை. ஆண் பேராசிரியர்களுக்கு வருடச் சம்பளம் 2500 டொலர். உலகறிந்த வானியலாளரான அவருக்கு, தங்குமிடமும் உணவும் நீங்கலாக, 800 டொலர் மட்டுமே. கல்லூரியின் வைத்தியராகவும் பேராசிரியராகவும் இருந்த அலைடா ஏவரியுடன் இணைந்து அவர் சமசம்பளம் கோரிப் போராடி உயர்வு பெற்றார். பெண் கல்விக்கென எழுந்த நிறுவனமே பெண்ணுக்குக் குறைத்துக் கொடுத்தது என்பதுதான் எம்மை நெருடுகின்றது.

1873இல் ஹார்வார்ட்டுடன் தொடர்புடைய வைத்தியரான எட்வர்ட் கிளார்க், உயர்கல்வி பெண்களின் உடலை, குறிப்பாகத் தாய்மைக்குரிய ஆற்றலைப் பாதிக்கும் என்று நூலொன்றை வெளியிட்டார். மருத்துவரின் பெயரால் வந்தமையால் பல பெற்றோர் அதை நம்பினர். பெண் கல்லூரிகளின் எதிர்காலமே கேள்விக்குறியானது. அதே ஆண்டில் உருவான பெண்கள் முன்னேற்றச் சங்கத்தில் முன்னின்ற மரியா, அதன் தலைவராகவும் பின்னர் அறிவியல் குழுவின் பொறுப்பாளராகவும் இயங்கினார். எனினும் கிளார்க்குக்கு மிகச் சிறந்த பதில் மேடையில் அல்ல, 1878 ஜூலை 29இல் கொலராடோவின் டென்வர் நகருக்கு அருகே ஒரு வெளியில்தான் கொடுக்கப்பட்டது. முழுச் சூரிய கிரகணத்தைக் காண, தமது பழைய மாணவியர் சிலரையும் சகோதரியையும் அழைத்துக்கொண்டு, அறுபதை எட்டும் வயதில் அவர் ஆயிரக்கணக்கான மைல்கள் பயணம் செய்தார். ரயில் கம்பெனிகளின் சண்டையில் கருவிகள் அடங்கிய பெட்டிகள் வழியில் தேங்கி, தாமதித்தே வந்துசேர்ந்தன. ஆயினும் கூடாரத்தருகே தொலைநோக்கிகளை நிறுத்தி, வெயிலில் நின்று அப்பெண்கள் கிரகணத்தை அவதானித்துக் குறித்தனர். எவருடைய உடலும் அதனால் கெட்டுவிடவில்லை.

வால்வெள்ளிக்குப் பின் அதற்கிணையான கண்டுபிடிப்பு எதையும் அவர் செய்யவில்லை என்பார் உளர். அது உண்மையே. கற்பித்தல் அவருடைய ஆய்வு நேரத்தை விழுங்கியது. அவரும் அதற்காக வருந்தியதுண்டு. ஆனால் அந்நேரம் எங்கே சென்றது என்பதையும் பார்க்க வேண்டும். ஹார்வார்ட் வானாய்வகத்தில் நட்சத்திர நிறமாலைகளை நுணுகி வகைப்படுத்திய அன்ரோனியா மோரி, மசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் அனுமதி பெற்ற முதற் பெண்ணான இரசாயனவியலாளர் எலன் சுவாலோ றிச்சர்ட்ஸ், தர்க்கவியலிலும் உளவியலிலும் பெயர்பெற்ற கிறிஸ்டின் லாட் பிராங்ளின் ஆகியோர் அனைவரும் அவரது வகுப்பில் அமர்ந்தவர்களே.

உடல் தளர்ந்த நிலையில் 1888இல் அவர் கல்லூரியிலிருந்து விடைபெற்றார். 1889 ஜூன் 28இல் மசசூசெட்ஸின் லின் நகரில் காலமானார். உடல் பிறந்த தீவிலேயே அடக்கம் செய்யப்பட்டது. 1902இல் அவரது பெயரால் நன்டக்கெட்டில் சங்கமொன்று அமைக்கப்பட்டு, அவர் பிறந்த வீடு பேணப்பட்டது. சில ஆண்டுகளில் அருகே ஒரு வானாய்வகமும் எழுந்தது. வஸ்ஸர் கல்லூரியில் அவர் விட்டுச்சென்ற பேராசிரியர் ஆசனத்தில், அவரிடம் முதல் அணியில் பயின்ற மாணவியருள் ஒருவரான மேரி விட்னி அமர்ந்தார்.