குளோட் மோனேயின் படகும் நீர்நிழலும்

படகைத் தைலவண்ணத்தில் தீட்டுவோர் அதனை முதற்பொருளாகவும், அதன் நீர்நிழலை மங்கிய படியாகவும் கொள்வது மரபு. பிரெஞ்சு ஓவியர் குளோட் மோனே (1840–1926) இவ்வரிசையைப் படிப்படியாகத் தலைகீழாக்கினார். அவர்தம் வாழ்க்கையை இம்மாற்றத்தின் வழியே காண இக்கட்டுரை முயல்கிறது.

பாரிசில் பிறந்த மோனே, துறைமுக நகரான லெ ஹாவ்ரில் வளர்ந்தார். திறந்தவெளியில் தீட்டும் பழக்கத்தை அவருக்கு ஊட்டியவர் யூஜேன் பூதேன். 1841இல் காப்புரிமை பெற்ற தகரக் குழாய் வண்ணங்கள் அப்பழக்கத்தை எளிதாக்கியிருந்தன.

1869ஆம் ஆண்டுக் கோடையில், வண்ணம் வாங்கவும் வழியற்ற வறுமையில், ரெனுவாருடன் சேன் ஆற்றின் லா கிரெனுயேர் படகுத்துறையில் அவர் தீட்டினார். கட்டிக்கிடந்த படகுகளுக்கு இட்ட அகன்ற தூரிகைக் கோடுகளையே நீருக்கும் இட்டார். கருங்கோடு படகின் நிழல். வெளிர்கோடு வானத்தின் நிழல். இவற்றுக்கு அப்பால் நீர் எனத் தனியே ஒன்று தீட்டப்படவில்லை. பொருளுக்கும் நிழலுக்கும் ஒரே கனம் கிடைத்தது இங்கேதான் எனலாம். அவரோ இவற்றைப் பெரிய ஓவியமொன்றுக்கான முன்வரைவுகளாகவே எண்ணினார்!

1871இன் இறுதியில் அர்ஜான்தெய் ஊரில் குடியேறிய மோனே, சில ஆண்டுகளில் படகொன்றில் சிற்றறை அமைத்து அதையே ஓவியக்கூடமாக்கிக்கொண்டார். தோபிஞ்யி முன்னரே இவ்வாறு செய்திருந்தார். மோனே தம் மனைவி கமியுடன் அப்படகில் அமர்ந்து தீட்டுவதை 1874இல் மானே ஓவியமாக்கினார். இப்படகை வெறும் வசதியாகக் கருதுவது பொருந்தாது. கரையில் நிற்பவர் நீரை மேலிருந்து காண்கிறார். படகில் அமர்ந்தவரின் கண்மட்டமோ நீர்ப்பரப்பை நெருங்குகிறது. அங்கிருந்து நோக்குங்கால் நிழல்கள் நீண்டு, சிற்றலைதோறும் கிடைக்கோடுகளாக முறிகின்றன. தீட்டப்படும் பொருளாயிருந்த படகு, தீட்டுவதற்குரிய இடமாயிற்று.

அதே 1874இல் நடந்த குழுக் கண்காட்சி ஏளனத்துக்குள்ளாயிற்று. 1879இல் கமி மறைந்தார். 1883இல் மோனே ஜிவெர்னிக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கு 1887ஆம் ஆண்டளவில் தீட்டிய 'படகு' என்னும் ஓவியத்தில், ஆளற்ற படகு மேற்பகுதியில் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கிறது. எஞ்சிய கித்தான் முழுவதும் நீருக்கடியில் அசையும் பாசிக்கே உரியது. தலைப்புக்குரிய பொருளே ஓரத்துக்குத் தள்ளப்பட்டமை கூர்ந்து நோக்கத்தக்கது.

1912இல் கண்புரை கண்டறியப்பட்டது. நிறங்களை வேறுபடுத்துவதே அரிதாயிற்று. 1923இல் வலக்கண்ணில் அறுவை செய்துகொண்ட பின்னரும் அல்லிக்குளப் பேரோவியங்களைத் திருத்தியவண்ணமே இருந்தார். 1926 டிசம்பர் 5 அன்று மறைந்தார். மறு ஆண்டு பாரிசின் ஒராஞ்சரி கூடத்தில் அவ்வோவியங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றிலும் படகு இல்லை. மேகங்கள் நீரில் தலைகீழாய் நிற்கின்றன.