டென்னிஸ் ரிச்சி: அழித்து எழுதிய கை

லினக்ஸ் திரையில் விண்டோக்களை வரைவது, மவுஸ் எங்கே நகருதுன்னு பார்ப்பது, நீங்க அழுத்தும் கீ எந்த விண்டோவுக்குப் போகணும்னு முடிவு செய்வது எல்லாம் டிஸ்பிளே சர்வரோட வேலை. அதில் ரொம்ப காலம் கோலோச்சியது எக்ஸ். 1984ல் எம்.ஐ.டி.யில் தொடங்கியது, எக்ஸ்11 ஆக 1987ல் வந்தது. முழுக்க முழுக்க சி. ஓப்பன் சோர்ஸில் ஏதாவது செய்யலாம்னு அதோட பழைய சோர்ஸைத் திறந்தீங்கன்னா முதல் ஃபைல்லயே முழிப்பீங்க. ஃபங்ஷன் அடைப்புக்குறிக்குள் வெறும் பெயர்கள் மட்டும் இருக்கும். எது இன்ட், எது பாயிண்டர் என்பதெல்லாம் கீழே தனித்தனி வரியில் இருக்கும். பார்க்கிற இடமெல்லாம் ரெஜிஸ்டர் என்ற சொல் தெரியும்.

யாரும் சோம்பேறித்தனத்தில் அப்படி எழுதலை. சி மொழிக்கு முதல் தரநிலை வந்ததே 1989ல்தான். எக்ஸ்11 எழுதப்பட்டபோது மொழி அப்படித்தான் இருந்தது. அந்தப் பழைய பாணியில் தப்பான டைப்பில் ஆர்குமென்ட் அனுப்பினாலும் கம்பைலர் வாயே திறக்காது. புரோகிராம் ஓடும்போதுதான் கவிழும். அதனால பின்னாடி வந்தவங்க உட்கார்ந்து ஃபைல் ஃபைலா புது பாணிக்கு மாத்த வேண்டியிருந்தது. பெயர் வராத, யாரும் கைதட்டாத வேலை.

அந்தப் பழைய பாணியை கே அண்ட் ஆர் பாணி என்பாங்க. அதில் வரும் ஆர், டென்னிஸ் ரிச்சி. சி மொழியைக் கண்டுபிடித்தவர்னு ஒரு மார்க் கேள்விக்கு எழுதிட்டு அவரை மறந்துடுறோம். ஆனா அவர் வாழ்க்கையைப் படிச்சா, புதுசா உருவாக்கியதுக்குச் சமமா, எழுதி ஓடிக்கிட்டிருந்ததைப் பிரிச்சுப் போட்டுத் திரும்ப எழுதின வேலையும் இருக்கு. நான் சொல்லப்போறது அந்தப் பாதியைத்தான்.

ரிச்சி 1941 செப்டம்பர் 9ல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பிராங்க்ஸ்வில்லில் பிறந்தார். அப்பா அலிஸ்டர் ரிச்சி பெல் லேப்ஸில் ஸ்விட்சிங் சர்க்யூட் நிபுணர். மகன் ஹார்வர்டில் இயற்பியல் படித்தார், பிறகு அப்ளைடு மேத்தமேட்டிக்ஸில் ஆராய்ச்சிக்குப் போனார். லூப்புக்குள் லூப்னு எத்தனை அடுக்கு போட்டால் ஒரு புரோகிராமால் எவ்வளவு பெரிய கணக்கைச் செய்ய முடியும் என்பதைப் பற்றிய தீசிஸ். 1968ல் எழுதியும் முடித்தார். ஆனா பைண்டு செய்த பிரதியைப் பல்கலைக்கழகத்தில் கொடுக்கவே இல்லை. அதனால டாக்டர் பட்டமும் வரலை. ரெக்கார்டு நோட்டை பைண்டு பண்ண அலையும் நமக்கு இது கொஞ்சம் ஆறுதல்தான்.

1967லேயே அவர் பெல் லேப்ஸில் சேர்ந்திருந்தார். அங்கே மல்டிக்ஸ் என்ற மாபெரும் ஆபரேட்டிங் சிஸ்டம் வேலை நடந்தது. அது இழுத்துக்கொண்டே போக, 1969ல் பெல் லேப்ஸ் விலகிக்கொண்டது. கென் தாம்சன் அங்கே கிடந்த ஒரு பிடிபி-7 மெஷினில் சொந்தமா ஒரு சின்ன சிஸ்டத்தை எழுத ஆரம்பித்தார். ரிச்சியும் சேர்ந்துகொண்டார். அதுதான் யூனிக்ஸ். முதலில் எல்லாமே அசெம்பிளி.

தாம்சன் பி என்ற மொழியையும் செய்திருந்தார். அதில் டைப் என்பதே கிடையாது, எல்லாமே ஒரு வேர்டு. பிடிபி-11 வந்ததும் சிக்கல். அந்த மெஷின் பைட் பைட்டா முகவரி வைத்திருந்தது. பி மொழியின் பாயிண்டரோ வேர்டு கணக்கில் எண்ணும். ஒவ்வொரு முறை பாயிண்டரைத் தொடும்போதும் ஓடும் நேரத்தில் அதைப் பெருக்கி மாற்ற வேண்டும். எழுத்துகளைக் கையாள்வது அதைவிடத் தலைவலி. 1971ல் ரிச்சி, கேர், இன்ட் என்ற டைப்களைச் சேர்த்தார், கம்பைலரைத் திருத்தினார், பாயிண்டரும் அர்ரேயும் உறவாடும் விதத்தையே மாற்றினார். கொஞ்ச நாள் அதற்குப் பெயர் புது பி. அப்புறம் சி.

1972ல் தாம்சன் யூனிக்ஸ் கெர்னலை சி மொழியில் எழுதிப் பார்த்தார். முடியலை, விட்டுட்டார். காரணம், அப்போ சி மொழியில் ஸ்ட்ரக்ட் இல்லை. ஒரு பிராசஸைப் பற்றிய பத்து விவரங்களை ஒரே பொட்டலமா கட்டி வைக்க வழியே இல்லாத மொழியில் கெர்னல் எப்படி எழுதுறது? ரிச்சி ஸ்ட்ரக்ட்டைச் சேர்த்தார். 1973 கோடையில் கெர்னல் முழுதும் சி மொழிக்கு மாறியது. அசெம்பிளியைவிட மூன்றில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டது. மெமரி கிலோபைட்டில் எண்ணப்பட்ட காலத்தில் அது சின்ன விலை இல்லை. தெரிந்தே கொடுத்தார்கள். கைமேல் பலனா, படித்துப் புரிந்துகொண்டு மாற்றக்கூடிய கெர்னல் கிடைத்தது.

அந்த ஸ்ட்ரக்ட்டின் பலத்தை எக்ஸ் சர்வரில் நேரில் பார்க்கலாம். அங்கே ஒரு ஸ்க்ரீன் என்பதே ஒரு பெரிய ஸ்ட்ரக்ட், உள்ளே வரிசையா ஃபங்ஷன் பாயிண்டர்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் வந்தால் பழைய பாயிண்டரைப் பத்திரமா எடுத்து வைத்துக்கொண்டு அந்த இடத்தில் தன்னுடையதைப் போடும். தன் வேலை முடிந்ததும் பழையதைக் கூப்பிடும். ஓஓபி பேப்பரில் நாம படிக்கிற ஓவர்ரைடிங்கை வெறும் சி மொழியில் கையால் செய்திருக்காங்க.

இனி ரெண்டு முடிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்க. ஆரம்ப கால சி மொழியில் இன்று நாம் -= என்று எழுதுவதை =- என்று எழுதுவார்கள். x=-1 என்று எழுதினால் மைனஸ் ஒன்றை வைக்கச் சொல்கிறீர்களா, ஒன்றைக் கழிக்கச் சொல்கிறீர்களா? குழப்பம். மாற்றினார்கள். பழைய புரோகிராம்களைத் திருத்த வேண்டி வந்தது, திருத்தினார்கள்.

இன்னொன்றை மாற்றலை. பி மொழியில் & மட்டும்தான் உண்டு, && கிடையாது. இஃப் கண்டிஷனுக்குள் && செய்கிற வேலையையும் & தான் செய்தது, அதனால அதோட முன்னுரிமை == ஐவிடக் கீழே இருந்தது. && வந்த பிறகு & ஐ மேலே தூக்கியிருக்கலாம். ஆனா பி மொழியில் எழுதியிருந்த புரோகிராம்களை சி மொழிக்கு மாற்றும்போது உடையக்கூடாதே என்று அப்படியே விட்டார்கள். அன்று காப்பாற்றியது, அந்த ஒரு சின்ன வட்டத்தின் கோட். விளைவு, இன்றைக்கும் ஒரு பிட் மாஸ்க்கைச் சோதித்து == போட்டால், அடைப்புக்குறி மறந்த அன்றைக்கு விடிய விடிய டீபக் செய்கிறோம். ஈவென்ட் மாஸ்க்குகளைச் சதா சோதிக்கும் டிஸ்பிளே சர்வர் மாதிரி கோடில் இந்தத் தொல்லை அதிகம். மாற்றியிருந்தால் நல்லா இருந்திருக்கும்னு ரிச்சியே பிற்காலத்தில் எழுதினார். என்னைக் கேட்டால், அவர் எடுத்த முடிவுகளிலேயே அதிகம் பேரை அழவைத்தது இதுதான்.

அடுத்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1975ல் வந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸில், ஒரு பிராசஸிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் ஒரு கமென்ட் இருந்தது. இதை நீங்க புரிந்துகொள்வீங்கன்னு நாங்க எதிர்பார்க்கலை என்கிற பொருளில். ஆஸ்திரேலியாவில் ஜான் லயன்ஸ் என்ற பேராசிரியர் அந்த சோர்ஸுக்கு வரிக்கு வரி விளக்கம் எழுதினார். அது ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸா உலகம் சுற்றியது, கூடவே அந்த கமென்ட்டும் பிரபலமானது. மாணவர்களை மட்டம் தட்டுவதா பலர் நினைத்தாங்க. ரிச்சி பிறகு கொடுத்த விளக்கம் வேறு. பரீட்சைக்கு வராது, விட்டுடுங்க என்கிற தொனியில்தான் எழுதினாங்களாம். அதோட, தங்களுக்கே அங்கே நடப்பது முழுசா புரியலைன்னும் ஒத்துக்கொண்டார்.

என்ன கோளாறு? ஒரு ஃபங்ஷன் தன் நிலையைச் சேமிக்கும், வேறொரு ஃபங்ஷனின் ரிட்டர்ன் கோட் அந்த நிலையை எடுத்துக்கொண்டு திரும்பும். பிடிபி-11 கம்பைலர் எல்லா ஃபங்ஷனிலும் ரெஜிஸ்டர்களை ஒரே மாதிரி சேமித்ததால் அது எப்படியோ ஓடியது. யூனிக்ஸை இன்டர்டேட்டா 8/32 என்ற வேறு மெஷினுக்குக் கொண்டுபோனபோது மாட்டிக்கொண்டது. அந்த கம்பைலரில், எந்தெந்த ரெஜிஸ்டரைச் சேமித்தோம் என்பதைப் பொறுத்து ரிட்டர்ன் கோட் மாறும். ஒட்டுப் போட வழியில்லை. தாம்சனும் ரிச்சியும் அந்தப் பகுதியையே புதுசா வடிவமைத்தார்கள். 1979ல் வந்த ஏழாம் பதிப்பில் அந்த கமென்ட் கிடையாது. அதற்கு முந்தின வருஷம்தான் பிரையன் கெர்னிகனோடு எழுதிய சி புத்தகம் வந்தது.

1983ல் தாம்சனோடு டூரிங் விருது. அதற்குப் பிறகும் மனுஷன் கெர்னலுக்குள்தான் இருந்தார். டெர்மினலில் ஓர் எழுத்து தட்டினால் அதைத் திரையில் காட்டுவது, பேக்ஸ்பேஸ் அடித்தால் அழிப்பது போன்ற வேலைகள் யூனிக்ஸில் டிரைவர்களோடு பின்னிப் பிணைந்து கிடந்தன. நெட்வொர்க் வந்தது. அதே லேப்ஸில் ராப் பைக்கும் பார்ட் லொகான்தியும் செய்த பிளிட் என்ற கிராஃபிக்ஸ் டெர்மினல் வந்தது, அதில் ஒரே சீரியல் லைனில் பல விண்டோக்களின் போக்குவரத்து. புதுசு ஒவ்வொன்று வரும்போதும் பழைய கோடில் இன்னொரு விசேஷ விதியைச் செருகிக்கொண்டே போக முடியுமா? ரிச்சி அதைப் பிரித்து ஸ்ட்ரீம்ஸ் என்ற அமைப்பைக் கட்டினார். புரோகிராமுக்கும் டிவைசுக்கும் நடுவில் சின்னச் சின்ன மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மாட்யூலைச் செருகலாம், உருவலாம். 1984ல் அதைக் கட்டுரையாகவும் எழுதினார். ஏ.டி.அண்ட்.டி. அதை சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸுக்குக் கொண்டுபோய்ப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டது, சுமையையும் ஏற்றியது.

தரநிலை வந்த கதையிலும் அவர் கை இருக்கிறது. குழு கடைசிக் கட்டத்தில் நோஅலையஸ் என்று ஒரு புதுச் சொல்லைச் சேர்த்தது. கம்பைலர் வேகமான கோட் உருவாக்கட்டும் என்பதுதான் நோக்கம். ஆனா ஏற்கெனவே எழுதப்பட்ட சரியான புரோகிராம்களுக்கும் அது கண்ணி வைக்கும்னு ரிச்சி கண்டார். 1988ல் கடுமையா ஒரு கடிதம் எழுதினார். அந்தச் சொல் நீக்கப்பட்டது. அதே தேவைக்கு ரெஸ்ட்ரிக்ட் என்ற சொல் 1999 தரநிலையில், வேறு உருவத்தில் வந்தது. ஃபங்ஷனின் டைப்களை அடைப்புக்குறிக்குள் எழுதும் புது முறையைக் குழு சி++ மொழியிடம் வாங்கியது. பழைய பாணியும் செல்லும்னு விட்டுவைத்தார்கள். அது மொழியிலிருந்து ஒருவழியா வெளியேறியது சி23 தரநிலையில்தான்.

பிளான் 9, இன்ஃபெர்னோ என்ற சிஸ்டங்களிலும் பங்கெடுத்து 2007ல் ஓய்வு பெற்றார். 2011ல் தாம்சனோடு ஜப்பான் பரிசு. அதே வருஷம் அக்டோபர் 12ல், நியூஜெர்சியின் பெர்க்லி ஹைட்ஸில் தனியாக வாழ்ந்த வீட்டில் இறந்து கிடந்தார். வயது 70. ஸ்டீவ் ஜாப்ஸ் இறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, டிவியும் பேப்பரும் அந்தச் செய்தியிலேயே இருந்தன. ரிச்சி போய்விட்டதைப் பழைய சகா ராப் பைக் சொல்லித்தான் உலகம் தெரிந்துகொண்டது. ஹார்வர்டுக்குப் போய்ச் சேராத அந்தத் தீசிஸின் பிரதி அவர் இறந்த பிறகு கிடைத்தது. டைப்ரைட்டரில் அடித்த பக்கங்கள். 2020ல் கலிஃபோர்னியாவிலுள்ள கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியம் அதை எல்லோரும் படிக்கும்படி வெளியிட்டது.